கடல் கடந்து வந்து எம் மண்ணில் வாழ்ந்தவர்கள்
அமெரிக்க மிசனரிப் பெண்மணிகளின் யாழ்ப்பாண வாழ்வு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

எமது பழைய மாணவியர் சங்கம் தன் நூற்றாண்டைக் கொண்டாடும் இவ்வேளையில் கல்லூரியின் வளர்ச்சியையும் அதிபர்களின் பணிகளையும் வேறு பல கட்டுரைகள் எடுத்துரைக்கின்றன. இக்கட்டுரை அவற்றுக்கும் முற்பட்ட ஒரு காலத்தைப் பற்றியது. வடபகுதியிலே பெண்பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பது வீண்வேலை என்று எண்ணப்பட்ட நாட்களில், உலகின் மறுகோடியிலிருந்து பாய்க்கப்பலில் வந்திறங்கிய சில பெண்கள் இங்கே எப்படி வாழப் பழகினார்கள்? எதைக் கொண்டுவந்தார்கள், எதை இழந்தார்கள், எதை எம்மிடமிருந்து கற்றார்கள்?

அவர்களைப் பற்றி நாம் வழக்கமாகப் பரிசளிப்பு விழாக்களில் இரண்டு வசனங்களில் சொல்லி முடித்துவிடுவோம். "தியாகச் செம்மல்கள்" என்போம்; கைதட்டுவோம். ஆனால் இன்று எமது சங்கத்தின் அங்கத்தவர்களிற் பெரும் பகுதியினர் தாமே பிறநாடுகளில் குடியேறி வாழ்பவர்கள். புது மொழி, புதுக் காலநிலை, ஊரிலிருந்து வராத கடிதம், பிள்ளைகளை எந்தப் பண்பாட்டில் வளர்ப்பது என்ற கவலை ஆகியவை எங்களுக்குப் புதியவை அல்ல. ஆகவே அந்தப் பெண்களின் வாழ்வை வேறொரு கண்ணோடு பார்க்க எமக்கு இப்போது ஒரு தகுதி உண்டு என்று எண்ணுகிறேன்.

ஐந்து மாதக் கடற்பயணம்

அமெரிக்க மிசன் சங்கம் 1810இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் தோன்றியது. அச்சங்கத்தின் முதல் மிசனரிகளில் ஒருவரான சாமுவேல் நியூவெல் 1813இல் இலங்கைக்கு வந்தபோது தனியாகவே வந்தார். அவருடன் புறப்பட்ட மனைவி ஹரியற் நியூவெல் முந்திய ஆண்டு மொறீசியஸ் தீவில் இறந்துவிட்டார். அவருக்கு அப்போது வயது 19. யாழ்ப்பாணம் மிசன் பணிக்கு ஏற்ற இடம் என்று நியூவெல் தம் சங்கத்துக்கு எழுதினார். அந்தச் சிபாரிசின் பேரிலேயே அடுத்த குழு புறப்பட்டது.

1815 ஒக்ரோபர் 23ஆந் திகதி நியூபரிபோட் துறைமுகத்தை விட்ட "டிரையட்" என்னும் கப்பல் 1816 மார்ச் 22ஆந் திகதி கொழும்பை அடைந்தது. ஐந்து மாதங்கள். அதில் வந்தவர்களுள் டானியல் பூவர், ஜேம்ஸ் றிச்சேட்ஸ், பெஞ்சமின் மெய்க்ஸ் ஆகிய மூவரும் மனைவியரோடும், எட்வேட் வாறன் மணமாகாதவராகவும் யாழ்ப்பாணம் வந்தனர். ஆளுநர் பிறவுண்றிக் அவர்களுக்கு இடமளித்தார். 1816 முடிவதற்குள் தெல்லிப்பழையிலும், அடுத்த ஆண்டில் வட்டுக்கோட்டையிலும் அவர்கள் குடியேறினார்கள்.

மிசன் சங்கம் பொதுவாக மணமானவர்களையே அனுப்ப விரும்பியது. ஆதலால் அக்காலப் பெண்கள் பலருக்குத் திருமணமும் பயணமும் ஒரே ஆண்டின் காரியங்களாயின. கனெற்றிக்கற் மாநிலத்து நோர்விச் நகரில் 1796இல் பிறந்த ஹரியற் லேத்ரப், மைரன் வின்சிலோவை 1819 ஜனவரியில் மணந்தார். ஜூன் மாதம் பொஸ்ரன் நகரில் "இண்டஸ்" என்ற கப்பலில் ஏறினார். உடன் வந்தவர்கள் ஸ்போல்டிங், வூட்வேட், வைத்தியர் ஜோன் ஸ்கடர் ஆகியோரின் குடும்பத்தினர். அவர்கள் கல்கத்தா வழியாக வந்தார்கள். ஸ்கடர் தம்பதியினர் தம் முதற் குழந்தையைக் கல்கத்தாவிலேயே அடக்கம் செய்துவிட்டு எஞ்சிய பயணத்தைத் தொடர்ந்தனர்.

"போய் வருகிறேன்" என்பதல்லவா எமது வழக்கு? "போகிறேன்" என்று சொன்னாலே அபசகுனம் என்று பாட்டிமார் அதட்டுவார்கள். இந்தப் பெண்களோ உண்மையாகவே "போகிறேன்" என்று சொல்லிப் புறப்பட்டவர்கள். விடுமுறையில் திரும்புவது என்ற ஏற்பாடு அக்காலத்தில் இல்லை. துறைமுகத்தில் வழியனுப்ப வந்த தாய் தந்தையரை இனி இவ்வுலகில் காண்பதில்லை என்பதை அறிந்தே கப்பலேறினார்கள்.

கூரையற்ற சுவர்கள்

யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்தவை போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் திருத்தி, பின்னர் கவனிப்பாரின்றிக் கிடந்த கோவில்களும் பாதிரியார் இல்லங்களும். சுவர்கள் தடித்தவை, ஆனால் கூரை இல்லை. வளவுக்குள் மரஞ்செடி மண்டிக் கிடந்தது. அவற்றைத் துப்புரவாக்கி, பனைமரத்தில் தீராந்தியும் சிலாகையும் அறுத்துக் கூரையிட்டுத்தான் குடியிருக்க வேண்டியிருந்தது. 1820இல் வின்சிலோ, ஸ்போல்டிங் குடும்பங்கள் உடுவிலுக்கும், ஸ்கடர் குடும்பம் பண்டத்தரிப்புக்கும் சென்று இதே விதமாக வாழ்க்கையைத் தொடங்கின.

நோர்விச் நகரில் ஆறு மாதம் குளிர்; ஆற்றுநீர் உறையும். உடுவிலிலோ பங்குனி சித்திரையில் கிணற்று நீர் அடியில் இறங்கும். சோளகக் காற்று செம்மண் புழுதியை அள்ளி வரும். ஐப்பசி கார்த்திகையில் ஒழுங்கைகள் வெள்ளக்காடாகும். நான்கு பருவங்களை அறிந்து வளர்ந்தவர்கள் வெயில், மாரி என்ற இரண்டுக்குள் தம் நாளையும் வேலையையும் ஒழுங்குபடுத்தப் பழகினார்கள். இன்று ரொறொன்ரோவிலும் ஒஸ்லோவிலும் முதற் பனிக்காலத்தைக் கண்டு திகைத்த எமது சகோதரியருக்கு இதன் மறுபக்கம் நன்கு விளங்கும்.

இதற்கிடையில் அரசாங்கத்தின் தடையும் வந்தது. 1820இல் அச்சுப் பணிக்காக வந்த ஜேம்ஸ் கறற் என்பவரை இலங்கையில் தங்க விடாமல் ஆங்கிலேய ஆட்சி வெளியேற்றியது. இனி எந்த அமெரிக்க மிசனரியும் வரக்கூடாது என்ற அந்தக் கட்டுப்பாடு 1833 வரை நீடித்தது. பதின்மூன்று ஆண்டுகள் புதிய முகம் எதுவும் வரவில்லை. ஏற்கெனவே இருந்தவர்களில் ஒருவர் இறந்தால் அந்த இடம் வெற்றிடமே. இத்தடை அவர்களை ஒருவரோடொருவர் நெருங்கி வாழச் செய்தது. அதைவிட முக்கியமாக, உள்ளூர் மக்களை நம்பி வாழச் செய்தது. கபிரியேல் திசேரா, பிரான்சிஸ் மலையப்பா முதலிய உதவியாளர்கள் இல்லாமல் அந்த நிலையங்கள் நின்றுபிடித்திருக்க முடியாது.

நாவுக்குப் பழகாத மொழி

வந்தவர்களின் முதல் வேலை தமிழ் படிப்பது. அகராதி என்று கையில் எடுத்துக்கொள்ளத் தக்கது எதுவும் அக்காலத்தில் எளிதிற் கிடைக்கவில்லை. பண்டிதரை வீட்டுக்கு அழைத்து, அருகில் இருத்தி, ஓலையைப் பார்த்தும் அவர் உச்சரிப்பைக் கேட்டும் கற்க வேண்டும். ழகரமும் ளகரமும் எமது பிள்ளைகளுக்கே தொல்லை கொடுப்பவை. ஆண்களுக்கு இது பிரசங்கத்துக்கும் விவாதத்துக்கும் வேண்டிய மொழி. பெண்களுக்கோ அன்றாடப் பிழைப்பின் மொழி. அரிசிக்காரியோடு பேசவும், சுகமில்லாத பிள்ளையோடு வாசலில் வந்து நிற்கும் தாயிடம் என்ன வருத்தம் என்று கேட்கவும் புத்தகத் தமிழ் உதவாது. முற்றத்தில் இருந்து கேட்டுப் பழகும் தமிழ்தான் உதவும்.

இவ்வாறு தொடங்கிய மொழிப்பயிற்சி எங்கே போய் முடிந்தது என்பதை நாம் மறக்கலாகாது. ஸ்போல்டிங் அவர்களின் மேற்பார்வையில், சந்திரசேகர பண்டிதரின் உழைப்பால், 1842இல் யாழ்ப்பாண அகராதி மானிப்பாயில் அச்சேறியது. 58,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட அந்நூலை எமது முன்னோர் மானிப்பாய் அகராதி என்றே அழைத்தனர். மைரன் வின்சிலோவின் பெரிய தமிழ் ஆங்கில அகராதி 1862இல் சென்னையில் வெளியாயிற்று; அதில் உள்ள சொற்கள் 67,000க்கும் அதிகம். நல்லூரில் பணியாற்றிய ஆங்கிலத் திருச்சபை மிசனரி ஜோசப் நைற் தொடக்கிய சொற்றிரட்டும், பல தமிழ்ப் பண்டிதர்களின் அறிவும் அதற்கு அடித்தளம். பிறமொழிக்காரர் ஒருவர் எம்மொழியைக் கற்ற சிரமமே எமக்கு ஒரு சொற்பெட்டகமாகத் திரும்பி வந்தது.

உடுவிலில் ஒரு மழை இரவு

ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலைகள் முதலில் அமைந்தன. வட்டுக்கோட்டைச் செமினறி 1823இல் தொடங்கிற்று. பெண்பிள்ளைகளை அனுப்ப எவரும் உடன்படவில்லை. படித்த பெண்ணை யார் கட்டுவார்? ஏடெடுத்தவள் குடும்பத்துக்கு அடங்குவாளா? இவை அக்காலத்துக் கேள்விகள். பெண்கள் எழுதப் படிக்க வேண்டும் என்று சொல்வதே பலருக்கு வேடிக்கையாக இருந்தது.

உடுவில் மரபிலே தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. அயலிலுள்ள இரண்டு சிறுமிகள் வின்சிலோ அம்மையாரின் வீட்டுப்பக்கம் விளையாட வருவார்கள். அம்மையார் அவர்களுக்குத் தையல் பழக்கினார். தையலோடு எழுத்தும் சேர்ந்தது. மாலையானால் பிள்ளைகள் வீடு திரும்பிவிடுவார்கள். ஒருநாள் பெருமழை பிடித்துக்கொண்டது. இருட்டியும் மழை விடவில்லை, வீட்டார் வரவில்லை. பிள்ளைகள் அங்கேயே உண்டு உறங்கினார்கள். வேற்றார் வீட்டில் ஓரிரவு உண்டு தங்கிய பின் இனி ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது என்று எண்ணிய பெற்றோர், பிள்ளைகளை அங்கேயே விட்டுப் படிப்பிக்கச் சம்மதித்தனராம். 1824இல் தோன்றிய உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலைக்கு இக்கதையே தோற்றுவாயாகச் சொல்லப்படுகிறது. ஆசியாவின் மிகப் பழைய பெண்கள் விடுதிப் பாடசாலைகளில் அது ஒன்று.

இக்கதையில் நாம் பெரும்பாலும் மழையையும் அம்மையாரின் பரிவையும் மட்டுமே பார்க்கிறோம். அந்தப் பெற்றோரையும் பார்க்க வேண்டும். யார் சமைத்தது, எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்பவை அக்காலத்தில் ஒரு குடும்பத்தின் மானத்தையும் உறவையும் தீர்மானித்தவை. பிள்ளையை அங்கே விட்டுவைத்த பெற்றோர் ஊரின் ஏச்சுக்கும் இனத்தாரின் ஒதுக்கலுக்கும் துணிந்தே விட்டார்கள். கடல் கடந்தவர்களின் துணிவைப் பாராட்டும் நாம், வேலியைத் தாண்டி அடுத்த வளவுக்குத் தம் மகளை அனுப்பிய அந்தத் தாயின் துணிவை எந்த மலரிலும் எழுதியதில்லை.

புதைகுழிகளும் கடிதங்களும்

புதிய மண்ணில் வேரூன்றுவதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. வாறன் நோயுற்று 1818இல் தென்னாபிரிக்காவின் கேப்டவுனில் இறந்தார். டானியல் பூவரின் மனைவி சூசன் 1821 மே மாதத்தில் தெல்லிப்பழையில் கண்மூடினார். றிச்சேட்ஸ் 1822இல் மறைந்தார். பூவர் பின்னர் ஜோசப் நைற்றின் சகோதரி ஆன் நைற்றை மணந்தார். அமெரிக்கர், ஆங்கிலேயர் என்ற வேறுபாடு அந்தச் சிறு வட்டத்துக்குள் கரைந்துபோயிற்று. இரத்த உறவினர் ஒருவரும் அருகில் இல்லாத இடத்தில் மிசன் குடும்பங்களே ஒன்றுக்கொன்று மாமன் மச்சானாயின. புலம்பெயர்ந்த எமது குடும்பங்களில், பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பமே பெரியம்மா சித்தியாகிவிடுவதை நாமும் அறிவோமல்லவா?

எல்லாவற்றிலும் கொடியது பிள்ளைகளைப் பிரிவது. மிசனரிப் பிள்ளைகள் வளர்ந்ததும் கல்விக்காக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார்கள். அனுப்பினால் மறுபடி காண்பது நிச்சயமில்லை. வின்சிலோ தம்பதியரின் மகன் சாள்ஸ் 1821இல் இங்கே பிறந்தவன். பள்ளிப் படிப்புக்காக அனுப்பப்பட்ட அவன் 1832 மே மாதத்தில் நியூயோர்க்கில் இறந்தான். பன்னிரண்டு வயதும் நிறையவில்லை. ஒரு கடிதம் போய்ச்சேர நாலைந்து மாதம் எடுத்த காலம் அது. மகன் இறந்த பின்னும் அவனுக்கு மாதக்கணக்கில் கடிதம் எழுதிக்கொண்டிருக்கக்கூடிய நிலையில்தான் அக்காலத் தாய்மார் வாழ்ந்தார்கள். சாள்ஸ் இறந்து எட்டு மாதங்கள் ஆகுமுன், 1833 ஜனவரி 14ஆந் திகதி, ஹரியற் வின்சிலோ தமது 36ஆவது வயதில் உடுவிலில் காலமானார். அவருடைய வாழ்க்கை வரலாற்றை அவர் கணவர் 1835இல் நூலாக வெளியிட்டார். அவர் மறைந்த பின்னும் அவருடைய தங்கையர் மூவர் மிசனரிகளின் மனைவியராக யாழ்ப்பாணம் வந்தார்கள் என்பது வியப்புக்குரியது. அவர்களில் ஒருவரான பெரி அம்மையாரும் கணவரும் கொள்ளை நோயான வாந்திபேதியால் சில நாள் இடைவெளியில் மாண்டனர்.

பிற மிசனரிகளின் வாழ்விலும் இது போன்ற பக்கங்கள் உண்டு. ஆயினும் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். அவர்களுடைய துயரங்கள் அச்சேறியுள்ளன. வாழ்க்கை வரலாறுகளாக அமெரிக்க ஞாயிறு பாடசாலைகளில் வாசிக்கப்பட்டன. அதே வாந்திபேதியில் உடுவிலிலும் மானிப்பாயிலும் பிள்ளைகளைப் புதைத்தும் எரித்தும் அழுத எமது தாய்மாரின் துயரத்தை எழுதி வைக்க அக்காலத்தில் எழுத்தறிந்த பெண் இல்லை. பெண்கல்வி ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

ஆயிரம் புதல்வியரின் தாய்

வின்சிலோ அம்மையாருக்குப் பின் உடுவில் பாடசாலையை மேரி ஸ்போல்டிங் அம்மையார் தாங்கினார். அவரும் கணவர் லெவி ஸ்போல்டிங்கும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இங்கேயே வாழ்ந்து, 1873இல் கணவரும் 1874இல் மனைவியுமாக இம்மண்ணிலேயே மறைந்தனர்.

1840இல் வந்தவர் எலைசா அக்னியூ. நியூயோர்க் நகரில் 1807இல் பிறந்தவர். எட்டு வயதில் பூகோள பாடத்தின்போது ஆசிரியை படத்தில் இலங்கைத் தீவைச் சுட்டிக்காட்டியதாகவும், தான் வளர்ந்து அங்கே செல்ல வேண்டும் என்று அன்றே அவர் மனதில் உறுதி கொண்டதாகவும் சொல்வார்கள். பெற்றோர் உயிரோடிருக்கும்வரை அவர்களைப் பராமரித்தார். அவர்கள் மறைந்த பின்னர், 32ஆவது வயதில், புறப்பட்டார். கணவரின் துணையின்றி இலங்கைக்கு வந்த முதல் மிசனரிப் பெண் அவரே.

மணமாகாத ஒரு பெண் தனியே வந்து வாழ்வதை ஊரார் எவ்விதம் விளங்கிக்கொண்டிருப்பார்கள்? அக்காலத்து யாழ்ப்பாணத்தில் பெண்ணுக்கு மகள், மனைவி, தாய், விதவை என்ற நான்கு நிலைகளே உண்டு. அக்னியூ அம்மையார் இவற்றில் எதிலும் அடங்காதவர். அவர் கண்ட வழி எளியது. பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தாயாகிவிட்டார். விடுமுறை வந்தால் பழைய மாணவியரின் வீடுகளைத் தேடி ஊர் ஊராகப் போவார். படித்து வெளியேறியவள் எங்கே வாழ்கிறாள், கணவன் எப்படி, பிள்ளைகள் எத்தனை, வாசிப்பை விட்டுவிட்டாளா என்று விசாரிப்பார். பழைய மாணவியர் சங்கம் என்ற பெயர் பிறக்குமுன்பே அந்தச் சங்கத்தின் வேலையை ஒருவராக நின்று செய்தவர் அவர். இன்று நாம் ஆண்டுக்கூட்டம் கூடி, சுற்றுமடல் அனுப்பிச் செய்வதும் இதையே அல்லவா?

நாற்பது ஆண்டுகள் பாடசாலையை நடத்திய அவர் ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பவில்லை. முதலில் தம்மிடம் படித்தவர்களின் மகள்மாரையும் பேத்திமாரையும் அவரே படிப்பித்தார். "ஆயிரம் புதல்வியரின் தாய்" என்ற பெயர் அவருக்கு அவ்வாறு வந்தது. 1879இல் ஓய்வுபெற்று மானிப்பாயில் மேரி, மாகிறற் லீச் சகோதரியரின் பராமரிப்பில் வாழ்ந்து, 1883 ஜூன் மாதத்தில் தமது 76ஆவது வயதில் காலமானார். நியூயோர்க்கில் வாழ்ந்த ஆண்டுகள் 32. யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவை 43. அவருடைய சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் என்ன விடை சொல்வது?

தமிழருக்கு வைத்தியர்

பெண்களைப் பற்றிய இக்கட்டுரையில் ஓர் ஆண்மகனையும் சேர்த்தேயாக வேண்டும். புதிய நாட்டில் வாழ்வது என்பது மக்களைத் தம்மைப்போல் மாற்றுவது அன்று என்பதைத் தெளிவாக உணர்ந்தவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் வந்த அவர் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். சொற்கள் இல்லாத இடத்தில் சொற்களை ஆக்கினார். 1864இலிருந்து அவருடைய மாணவர் தமிழிலேயே மருத்துவம் படித்தார்கள். கிறிஸ்தவரானவர்கள் ஐரோப்பியரின் உடையையும் பழக்கத்தையும் போலி செய்வதை அவர் விரும்பவில்லை. 1873இல் நோயுற்று நாடு திரும்பி 1884இல் இறந்தபோது, தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்றே தம் கல்லறையில் பொறிக்க விரும்பினார். பதினொரு ஆண்டுகள் ஊரில் இருந்தும் அவர் மனம் மானிப்பாயிலேயே இருந்தது. லீச் சகோதரியரின் முயற்சியால் 1898இல் இணுவிலில் தோன்றிய பெண்களுக்கான மக்லியொட் மருத்துவமனையும் இவ்வழியின் தொடர்ச்சியே. எமது அங்கத்தவர்களிற் பலர் பிறந்த இடம் அது.

கணக்கின் மறுபக்கம்

நன்றி சொல்வதற்காக உண்மையை மறைக்க வேண்டியதில்லை. அவர்கள் வந்தது மதம் மாற்றுவதற்காக. கல்வி அதற்கு ஒரு வாயில். தாய்நாட்டுக்கு அனுப்பிய அறிக்கைகளில் எமது கோவில்களையும் வழிபாட்டையும் இருள் என்று எழுதினார்கள். அந்த இருளைக் காட்டித்தான் அங்கே பணம் திரட்ட முடிந்தது. பணம் கொடுத்த அமெரிக்கரின் பெயர்கள் விடுதிப் பிள்ளைகளுக்குச் சூட்டப்பட்டன. கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை போன்ற பேரறிஞர்களின் முன்பெயர்கள் இப்படி வந்தவை. ஆண்களுக்காவது சொந்தப் பெயர் அருகில் நின்றது. பெண்பிள்ளைகளிற் பலர் பதிவேடுகளில் புதுப்பெயரால் மட்டுமே வாழ்கிறார்கள். தாய் வைத்த பெயர் என்ன, எந்தக் குறிச்சி என்பதைக் கண்டறிய வழியில்லை.

இதற்கு எமது சமூகம் சும்மா இருக்கவில்லை. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அச்சுக்கூடம், பாடநூல், பிரசங்கம் என மிசனரிகள் கையாண்ட அதே கருவிகளைச் சைவத்துக்காகக் கையாண்டார். 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் சைவப் பெண்பிள்ளைகளுக்கென ஒரு கல்லூரியைத் தொடங்கினார். அது உடுவிலுக்கு நடந்துபோகும் தூரம். கத்தோலிக்கத் திருக்குடும்பக் கன்னியர் 1862இல் வந்து கல்விப்பணி தொடங்கியிருந்தனர். ஆங்கிலத் திருச்சபை மிசன் 1896இல் சுண்டுக்குளியில் மகளிர் கல்லூரியைத் தந்தது. போட்டி என்று சொன்னாலும் சரி, எதிர்ப்பு என்று சொன்னாலும் சரி, இலாபம் அடைந்தவர்கள் பெண்பிள்ளைகளே. எந்தச் சமயத்துப் பாடசாலையில் படித்தாலும், நாம் எல்லோரும் அந்தப் போட்டியின் பிள்ளைகள்.

இன்னொரு குறையும் உண்டு. அதிபர் என்றால் வெள்ளைக்காரப் பெண்மணி என்ற நிலை நூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. உடுவிலுக்குத் தமிழ் அதிபராக அரியம் பரமசாமி அம்மையார் பொறுப்பேற்றது 1940களிலேதான். அதுவரை பாடம் சொல்லிக்கொடுத்தும், விடுதியில் பிள்ளைகளின் தலையில் எண்ணெய் வைத்தும், காய்ச்சலில் கண்விழித்தும் இருந்த தமிழ் ஆசிரியைமாரும் விடுதிப் பெண்களும் "உதவியாளர்" என்ற ஒரு சொல்லுக்குள் மறைந்துபோனார்கள். அக்னியூ அம்மையார் ஊருக்கு ஊர் போனபோது வழிகாட்டிய பெண் யார்? வின்சிலோ அம்மையாரின் முதல் தமிழை முகஞ்சுளிக்காமல் கேட்டுத் திருத்தியவர் யார்?

நாம் செய்யக்கூடியது

அவர்கள் விரும்பிப் புறப்பட்டவர்கள். எம்மில் பலர் வேறு வழியின்றிப் புறப்பட்டவர்கள். அவர்களுக்குப் பின்னால் பணமும் சங்கமும் ஆட்சியாளரின் தோல்நிறமும் இருந்தன. எமக்கு அவை இல்லை. இந்த வேறுபாடுகளை மறக்காமலே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பெண்களில் நிலைத்து நின்றவர்கள் யார் என்று பார்த்தால், ஊர் மொழியைக் காதால் கற்றவர்கள், பிள்ளைகளின் வீட்டுக்குத் தாமே நடந்து போனவர்கள், தம் வேலையை அடுத்தவர் கையில் ஒப்படைக்க ஆள் தயார் செய்தவர்கள். புதிய நாட்டில் வாழும் எவருக்கும் இம்மூன்றும் பொருந்தும்.

அவர்களிடம் இருந்த இன்னொரு பழக்கமும் எமக்கு வேண்டும். அவர்கள் எழுதினார்கள். கடிதம், நாட்குறிப்பு, அறிக்கை என்று எழுதித் தள்ளினார்கள். அதனாலேயே இருநூறு ஆண்டுகளின் பின்னும் அவர்களைப் பற்றி எம்மால் இவ்வளவு பேச முடிகிறது. எமது பூட்டிகளைப் பற்றி அரைப்பக்கம் எழுத முடியவில்லை.

ஆகவே எங்கிருந்தாலும் இம்மலரை வாசிக்கும் சகோதரியரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அம்மம்மா, அப்பம்மா, பூட்டி யாராவது இப்பாடசாலைகளில் படித்தவரோ படிப்பித்தவரோ ஆனால் அவருடைய சொந்தப் பெயரையும் ஊரையும், தெரிந்த ஒன்றிரண்டு செய்திகளையும் எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். இடப்பெயர்விலும் எரிப்பிலும் தப்பி, பெட்டியின் அடியில் ஒரு சான்றிதழோ, தையல் துணியோ, மங்கிய வகுப்புப் படமோ இருக்கக்கூடும். படத்தின் பின்புறத்தில் பெயர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையானால், பெயர் தெரிந்த ஒருவர் வீட்டில் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.